சேற்றில் இறங்கும் காலும் எலியின் மூத்திரமும்

வேலை செய்கிற இடத்தில் ஆபத்து என்றால் நமக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது என்ன? மோட்டார் கொட்டகையில் கரண்டு அடிப்பது, பூச்சிமருந்து நெடி ஏறுவது, வரப்பிலே பாம்பு கடிப்பது, இவைதான். தண்ணீரை யாரும் சொல்ல மாட்டோம். தண்ணீர் வந்தால்தானே நமக்குப் பிழைப்பே! ஆனால் அந்தத் தண்ணீரிலும் சேற்றிலும் நின்று வேலை செய்ததாலேயே செத்துப் போனவர்கள் உலகத்தில் ஏராளம். எதனால் செத்தார்கள் என்பது அவர்களுக்கும் தெரியாது, பல நாள் வைத்தியருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்த கதையையும், கண்டுபிடித்த பிறகும் வேலைக்காரர்களைக் காப்பாற்றுவதற்குப் பட்ட பாட்டையும் இன்றைக்குச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

முதலில் எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்று. ஐப்பசி மழை விட்டதும் வாய்க்கால் தூர் வாரப் போன ஒரு பெரியவருக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் வலி, அதிலும் கெண்டைக்கால் சதையைத் தொட்டால் துடித்துப் போவார். கண் இரண்டும் செக்கச் செவேல் என்று சிவந்திருந்தது. நாலைந்து நாளில் கண் மஞ்சளாக மாறிற்று. காமாலைதான் என்று முடிவு கட்டி, கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துப் பத்தியம் வைத்தார்கள். மூத்திரம் நின்று போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் திரும்பி வரவில்லை. கீழாநெல்லியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது காமாலைதான், ஆனால் நாம் நினைத்த காமாலை இல்லை. போன நாட்கள்தான் ஆளைக் கொன்றன.

இந்த நோய்க்கு நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்று பெயர். ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்தில் இருந்த அடால்ப் வைல் என்ற மருத்துவர் 1886ஆம் ஆண்டிலே இதைத் தனி நோயாகப் பிரித்து எழுதினார். காய்ச்சல், காமாலை, மண்ணீரல் வீக்கம், மூத்திரக்காய் கெடுவது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருகிறதே, இது வேறு ஏதோ ஒன்று என்றார். அதனால் ரொம்ப காலம் இதை வைல் நோய் என்றே சொல்லி வந்தார்கள். பேர் வைத்தாயிற்றே தவிர, எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. அதற்கு இன்னும் 30 வருஷம் ஆயிற்று. அது தெரிய வந்தது பெரிய பட்டணத்து மாளிகையில் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்துக் கூலியாட்களிடம்தான்.

ஜப்பான் நாட்டின் தெற்கே கியூஷு என்று ஒரு தீவு. அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் அதிகம். பூமிக்குள்ளே ஆழத்தில் ஊற்றுத் தண்ணீர் கசியும். கணுக்கால் அளவு, முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீரில் நின்றபடி கரி வெட்டுவார்கள். சுரங்கத்துக்குள்ளே எலிக்குக் குறைவே கிடையாது. ஆட்கள் கொண்டுபோகும் சோறு அதற்கும் தீனி. இந்த ஆட்களுக்குத்தான் மஞ்சள் பூத்து, ரத்தம் கசிந்து சாகிற காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. பூக்குவோக்கா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இனாடா என்ற பேராசிரியரும், இடோ என்ற அவருடைய துணைவரும், இன்னும் சிலரும் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். நோயாளியின் ரத்தத்தைக் கினிப் பன்றிக்கு ஊசி வழியாக ஏற்றினார்கள். அதற்கும் அப்படியே காமாலை கண்டது. அதன் ஈரலில், முறுக்கிய நூல் போலே மெல்லிசான ஒரு கிருமி நெளிவதைக் கண்டார்கள். 1915ஆம் ஆண்டில் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

இதே வருஷத்தில் ஜெர்மனியிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். பதுங்கு குழியிலே சேற்றிலும் தண்ணீரிலும் மாதக் கணக்கில் கிடந்த சிப்பாய்களுக்கு இந்தக் காமாலைக் காய்ச்சல் கண்டது. ஜப்பானும் ஜெர்மனியும் எதிர் எதிர்க் கட்சி. ஒருவர் கண்டது அடுத்தவருக்குத் தெரியாது. ஆனால் எலியும் சேறும் மனுஷனும் கூடுகிற இடம் எதுவானாலும் ஒரே நோய்தானே வரும்! பின்னால் நொகுச்சி என்ற இன்னொரு ஜப்பானிய அறிஞர்தான் இந்தக் கிருமிக்கு லெப்டோஸ்பைரா என்று பெயர் வைத்தார். மெல்லிய சுருள் என்று அர்த்தம்.

ஜப்பானியர் கிருமியைக் கண்டதோடு விடவில்லை. அங்கேதான் அவர்களை மெச்ச வேண்டும். எலியைப் பிடித்து அறுத்துப் பார்த்தார்கள். எலிக்கு நோய் ஒன்றும் தெரியவில்லை, கொழு கொழு என்று இருக்கிறது. ஆனால் அதன் மூத்திரக்காயில் கிருமி குடித்தனம் நடத்துகிறது! மூத்திரத்தோடு வெளியே வந்து தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீரில் நிற்கிறவன் காலில் ஒரு கீறல், ஒரு சேற்றுப்புண் இருந்தால் போதும், அது வழியாக உள்ளே போய்விடும். புண்ணே கண்ணுக்குத் தெரியாத தோல் வழியாகவும் நுழையும் என்று கினிப் பன்றியை வைத்துக் காட்டினார்கள். வெகு நேரம் தண்ணீரில் நின்றால் நம் கால் தோல் வெள்ளையாக ஊறிச் சுருங்கிப் போகிறதே, அந்தத் தோல் கிருமிக்குத் திறந்த கதவு மாதிரி. கண், மூக்கு, வாய் இவற்றின் வழியாகவும் ஏறும்.

இன்னொன்றும் கவனித்தார்கள். சுரங்கத்தில் தண்ணீர் நிற்கிற பகுதியில் வேலை செய்கிறவனுக்கு நோய் வருகிறது; காய்ந்த பகுதியில் வேலை செய்கிறவனுக்கு வருவதில்லை. அப்படியானால் வைத்தியம் எங்கே செய்ய வேண்டும்? ஆளுக்கா, இடத்துக்கா? தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்து வெளியேற்றினால் நோய் குறையும் என்று கண்டார்கள். மருந்து ஒரு சொட்டு இல்லாமலேயே, இடத்தை உலர்த்தி ஆளைக் காப்பாற்றலாம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதே கியூஷு பக்கத்திலே நெல் வயலில் வேலை செய்கிறவர்களுக்கு 'ஏழுநாள் நோவு' என்று ஒரு காய்ச்சல் வருவது வழக்கம். நாம் முறைக்காய்ச்சல் என்கிற மாதிரி, காலங்காலமாக ஊர் ஜனங்கள் வைத்த பெயர். 1918இல் அதையும் ஆராய்ந்து, இதுவும் லெப்டோஸ்பைராவின் ஒரு பங்காளிதான், வயல் எலி சுமந்துகொண்டு வருகிறது என்று இடோவும் மற்றவர்களும் கண்டார்கள். இப்படி, சுரங்கத்தில் தொடங்கிய சங்கதி நம்முடைய நெல் வயலுக்கு வந்து சேர்ந்தது.

இதற்கு அடுத்த கட்டம் ஆஸ்திரேலியாவில். கரும்பு போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தெரிந்துகொண்ட பிறகும் ஆபத்தை நீக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது இங்கேதான் விளங்கும்.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே குவீன்ஸ்லாந்து மாகாணம். அதன் வடபகுதியில் கனத்த மழை. இங்காம், டல்லி, இன்னிஸ்பெயில் என்ற ஊர்களைச் சுற்றிக் கரும்புதான். இன்றைக்கு மாதிரி எந்திரம் கிடையாது, கத்தி வைத்து ஆள்தான் வெட்ட வேண்டும். வெட்டுகிறவர்களில் இத்தாலி நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களும் நிறையப் பேர். குழுக் குழுவாகச் சேர்ந்து டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வெட்டுவார்கள். நம் பக்கத்திலும் இதே ஏற்பாடுதானே! கரும்பு பச்சையாகச் சோகையோடு நிற்கும். அடியிலே ஈரம். சோகைக் குப்பைக்குள் எலி கூடு கட்டிக் குட்டி போட்டிருக்கும். சோகையின் விளிம்பு வாள் மாதிரி கையையும் காலையும் கிழிக்கும். கிழிந்த தோல், ஈர மண், எலி மூத்திரம், மூன்றும் ஒன்று சேர்ந்தன.

1934இல் இங்காம் பகுதியில் வெட்டுக்காரர்கள் பலருக்குக் கடுங்காய்ச்சலும் காமாலையும் கண்டு, சிலர் இறந்தும் போனார்கள். உள்ளூர் வைத்தியர்கள் சந்தேகப்பட்டு ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்ப, வைல் நோய் என்று உறுதியாயிற்று. வெட்டுக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "வெட்டுவதற்கு முன்னால் தோட்டத்தைத் தீ வைத்துக் கொளுத்துங்கள். சோகை எரிந்து போகும், எலி ஓடிப் போகும், ஈரம் காயும். அப்புறம் வெட்டுகிறோம்." கூலி உயர்வு கூட அவர்களுடைய முதல் கோரிக்கை அல்ல.

இதில் என்ன கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். எரித்த கரும்பை உடனே ஆலைக்கு அனுப்பாவிட்டால் எடை குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். எரித்த கரும்பு என்றால் ஆலைக்காரன் விலையில் பிடித்தம் செய்வான். ஆகவே கரும்பு முதலாளிகள் மாட்டோம் என்றார்கள். அவர்களும் பெரிய ஜமீன்தார்கள் இல்லை, பாதிப்பேர் கடன் வாங்கிப் பயிர் செய்கிற குடியானவர்கள்தான். நஷ்டத்தை யார் சுமப்பது என்பதில்தான் சண்டை. இங்காமில் வேலை நிறுத்தம் நடந்தது. தொழில் நீதிமன்றம் தலையிட்டு, அந்த வட்டாரத்துக்கு மட்டும் எரித்து வெட்டும்படி உத்தரவு போட்டது. மற்ற இடங்களுக்கு இல்லை. எலிக்கு ஜில்லா எல்லை தெரியுமா?

அதனால் 1935 ஆகஸ்டில் இன்னிஸ்பெயில், டல்லி பக்கத்து வெட்டுக்காரர்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்கள். அவர்களுடைய சொந்தச் சங்கத்துத் தலைவர்களே வேலை நிறுத்தத்தை எதிர்த்தார்கள். ஆனாலும் பல வாரங்கள் தாக்குப் பிடித்தார்கள். ஊர் ஊராகச் சமையல் கூடம் வைத்துப் பொதுவிலே சாப்பிட்டார்கள். ஆலைகள் வெளியாட்களை வைத்து ஓட்டப் பார்த்தன, போலீசும் வந்தது. கடைசியில் வேலை நிறுத்தம் தோற்றது. முன்னால் நின்றவர்கள் பலருக்குத் திரும்ப வேலை கிடைக்கவில்லை. ஜீன் டெவனி என்ற அம்மையார் இந்தப் போராட்டத்தை வைத்து 1936இல் ஒரு நாவலே எழுதினார்.

தோற்றது என்றுதான் சொன்னேன். ஆனால் பாருங்கள், அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளே வட குவீன்ஸ்லாந்து முழுக்க எரித்துத்தான் வெட்டுவது என்பது வழக்கமாகிவிட்டது. நோயும் இறங்கியது. எந்திரம் வந்து, கையால் வெட்டுகிறவனே இல்லாமல் போன பிறகு, 1980களில் தொடங்கிப் பல இடங்களில் எரிப்பதை விட்டுவிட்டுச் சோகையை நிலத்திலேயே மூடாக்காகப் போடுகிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே தோட்டத்தில் தீ வைக்கக் கிளம்பிவிடாதீர்கள்! சோகையை எரித்தால் மண்ணுக்குச் சேர வேண்டிய சத்து புகையாகப் போகும், சோகையைப் பரப்பி மக்க விடுவதுதான் நல்லது என்று வேளாண்மைத் துறை சொல்வது சரியே. நான் சொல்ல வந்தது வேறு. வெட்டுக்கு ஆள் விடுவதற்குப் பத்து நாள் முன்னால் தண்ணீர் கட்டுவதை நிறுத்தி மண்ணைக் காய விடலாம். வளர்ச்சிப் பருவத்திலேயே அடிச்சோகையை உரித்துவிட்டால் எலிக்கு மறைவு இல்லை. வெட்டுகிறவர்களுக்குக் கைக்கும் காலுக்கும் உறை வாங்கிக் கொடுப்பதற்கு ஆகிற செலவு பெரிய செலவு இல்லை.

அந்த 1930களில் லண்டன் சாக்கடைத் தொழிலாளர்களிடமும், ஸ்காட்லாந்தில் அபர்தீன் துறைமுகத்தில் மீன் அறுத்துக் கழுவுகிறவர்களிடமும் இந்த நோய் இருப்பதைக் கண்டார்கள். இத்தாலியில் போ ஆற்றுப் படுகை நெல் வயல்களில் இன்னும் நமக்கு நெருக்கமான சங்கதி. ஒவ்வொரு வருஷமும் வைகாசி, ஆனியில் ரயில் ரயிலாகப் பெண்கள் வெளியூரிலிருந்து வருவார்கள். முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று நாள் முழுதும் நடவும் களையெடுப்பும் செய்வார்கள். நம்ம ஊர்ப் பெண்கள் மாதிரியே பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்வார்கள் என்று பேர். அவர்களுக்கும் எலிக்காய்ச்சல் வந்தது. அதற்குத் தடுப்பூசி கூடத் தயாரித்துப் போட்டார்கள். கடைசியில் களைக்கொல்லியும் எந்திரமும் வந்து பெண்கள் தண்ணீரில் இறங்குவதே நின்றபோதுதான் நோயும் ஓய்ந்தது. ஜப்பானிலும் அப்படியே: நடவு எந்திரம், ரப்பர் பூட்ஸ், கையுறை வந்த பிறகு வயல் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

நம் தேசத்துக்கு வருவோம். அந்தமானில் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே டெய்லர், கோயல் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தக் கிருமியைக் கண்டு எழுதினார்கள். அப்போது அது கைதிகளின் தீவு. இன்றைக்கும் அங்கே மழைக்காலத்தில் விவசாயிகளுக்கு இந்த நோய் வருகிறது. நுரையீரலில் ரத்தம் கசிந்து உயிரைப் பறிக்கிற கடுமையான வகையையும் அங்கே கண்டிருக்கிறார்கள். தெற்குக் குஜராத்தில் நெல், கரும்பு வயல் ஆட்களுக்கு மழைக்காலந்தோறும் தொந்தரவு. 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் கிளம்பி, வெள்ளத்தில் இறங்கி ஆட்களைக் காப்பாற்றியவர்களும், வீடுகளைச் சுத்தம் செய்யப் போனவர்களும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று அரசாங்கமே ஊர் ஊராக விநியோகம் செய்தது. கடல் தாண்டி இலங்கையில் 2008இல் 7,000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் கண்டதாகப் பதிவு. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் வயலில் இறங்குகிற ஆண்கள். அங்கே எலிக்காய்ச்சல் அதிகமான பகுதிகளில், விதைப்புக்கு முன்னாலேயே சுகாதாரப் பரிசோதகர் வந்து மாத்திரை கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறது.

அது என்ன மாத்திரை என்று கேட்பீர்கள். டாக்சிசைக்ளின். அதற்கும் ஒரு கதை உண்டு. 1982இல் பனாமா நாட்டுக் காட்டில் மூன்று வாரம் பயிற்சிக்கு வந்த 940 அமெரிக்கச் சிப்பாய்களை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வாரம் ஒரு தடவை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின். மறு பாதிக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் ஒரே ஒருவருக்குத்தான். நல்ல காவல்தான். ஆனால் இதை வருஷம் முழுக்க மிட்டாய் மாதிரி சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கூடாது. நோய் நடமாடுகிற ஊரில், சேற்று வேலை நடக்கிற அந்தச் சில வாரத்துக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் சொன்னால் சாப்பிடலாம். வெறும் வயிற்றில் வேண்டாம், நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள்.

ரப்பர் பூட்ஸ் போடச் சொல்லிப் புத்தகத்தில் எழுதியிருக்கும். வாய்க்கால் தூர் வாரவும், மாட்டுத் தொழுவம் கழுவவும், தேங்கின தண்ணீரில் நடக்கவும் பூட்ஸ் சரி. தொழி அடித்த வயலில் நடவுக்கு இறங்குகிறவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஓர் அடி வைத்தால் கால் வரும், பூட்ஸ் சேற்றிலேயே நிற்கும். ஆகவே நமக்கு ஒத்து வருகிறதைத்தான் செய்ய வேண்டும். இறங்குவதற்கு முன்னால் காலைப் பாருங்கள். வெட்டோ, ஆறாத சேற்றுப்புண்ணோ இருந்தால் அந்த ஆளுக்கு அன்றைக்கு வரப்பு மேலே வேலை கொடுங்கள், நாற்றுக்கட்டுத் தூக்கட்டும். சின்னக் கீறல் என்றால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். கரையேறியதும் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கால் கை கழுவ வேண்டும். வயல் தண்ணீரில் கழுவினால் கழுவினதாக ஆகாது. சேற்றுக் கையோடு கஞ்சிக் கலயத்தைத் தொடக் கூடாது, வாய்க்கால் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளிக்கக் கூடாது. இதற்கெல்லாம் ஒரு குடம் குழாய்த் தண்ணீரும் ஒரு சோப்புக்கட்டியும் வரப்பில் இருந்தால் ஆயிற்று. அதைக் கொண்டு வந்து வைக்க வேண்டியது கூலி கொடுக்கிறவர் பொறுப்பு.

எலியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரப்பைச் சிறுத்து வைத்தால் வளை தோண்ட இடம் இல்லை. தஞ்சாவூர்க் கிட்டியை நாற்றங்கால் காலத்திலேயே வைக்க வேண்டும், பால் பிடித்த பிறகு வைத்து என்ன புண்ணியம்? ஆந்தை உட்காரக் கழி நட்டு வையுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தூக்காதீர்கள், அப்படியே வாய்க்காலில் வீசாதீர்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: எலி மட்டும் இல்லை, மாடு, பன்றி, நாய் இவற்றின் மூத்திரத்திலும் இந்தக் கிருமி வரலாம். மாடு கன்று வீசினால் அந்த இடத்தைத் தொடுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கிருமிக்கு ஈரம் இருந்தால்தான் உயிர். ஈர மண்ணில் வாரக் கணக்கில் கிடக்கும், காய்ந்தால் செத்துவிடும். உப்புத் தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் அதற்கு ஆகாது. நம் பாட்டன் பூட்டன் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும் பயிருக்கு மட்டும் நல்லதல்ல, இறங்குகிற காலுக்கும் நல்லது. கியூஷு சுரங்கத்தில் பம்பு வைத்துச் செய்ததைத்தான் வயலிலே வெயில் செய்கிறது.

இங்கிலாந்தில் சாக்கடை, வாய்க்கால் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு சிறிய அட்டை கொடுக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் அதை டாக்டரிடம் நீட்ட வேண்டும். இந்த ஆள் இன்ன வேலை செய்கிறவர், வைல் நோயாக இருக்கலாம், பாருங்கள் என்று அதிலே போட்டிருக்கும். நமக்கு அட்டை இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறது. சேற்றில் இறங்கி ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், சில சமயம் ஒரு மாதம் கழித்துக் கூட, காய்ச்சலும் தலைவலியும் கெண்டைக்கால் வலியும் வந்து கண் சிவந்தால், மஞ்சள் பூக்கும் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "ஐயா, போன வாரம் வாய்க்கால் வெட்டினேன், தொழியில் நின்றேன், காலில் புண் இருந்தது" என்று. பென்சிலின், டாக்சிசைக்ளின் மாதிரி சாதாரண மருந்துகளே இதற்குக் கேட்கும், முதல் சில நாளுக்குள் கொடுத்தால். உங்கள் வயலில் கூலிக்கு வந்த பெண்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தாலும் இதே வார்த்தையை அந்த வீட்டாரிடம் சொல்லி அனுப்புங்கள்.